மூங்கிலைக் கவிழ்த்துப் பாருங்கள்: சீன எழுத்து மேசையின் பழைய மூங்கில் செதுக்குகளை அறிய, வாங்க, காக்க

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய சீன மூங்கில் செதுக்கு, மூங்கிலே இல்லை. கடையின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். எழுதும்போது கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மணிக்கட்டுத் தாங்கி அது. மேலே ஒரு கிழவர், ஒரு பைன் மரம், ஓரத்தில் வூ ஜிஃபான் என்ற புகழ்பெற்ற செதுக்காளரின் பெயர். "17ஆம் நூற்றாண்டு சார், ஒரே குடும்பத்திலிருந்து வந்தது" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்துப் பார்த்தால், பின்பக்கத்தில் கடுகில் பாதி அளவுக்கு வட்டமாக ஒரு குழி. மூங்கிலில் ஏது காற்றுக்குமிழி? அச்சில் ஊற்றிய ரெசினில்தான் அது வரும். கடையில் இருந்த அரை மணி நேரமும் நான் பெயரையும் படத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். பொதுவாக யார் செதுக்கியது, எந்தக் காலம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இங்கே அடிப்பக்கம், உள்பக்கம், விளிம்பு, அப்புறம் கத்தி வேலை, அப்புறம் படம், எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

பழைய சீனாவில் தேர்வெழுதி அதிகாரியானவர்கள், ஆகாமல் போனவர்கள், ஓவியம் கவிதை என்று காலம் கழித்தவர்கள், இவர்கள் எல்லோருக்கும் எழுத்து மேசை ஒரு சின்ன உலகம். அதில் தூரிகை, மை, தாள், மைக்கல் நான்கும் அவசியத் தேவை. மற்றவை கூட வந்து சேர்ந்தவை. அந்த மற்றவைகளில்தான் மூங்கில் அதிகம்.

தூரிகைக் குவளை, சீனத்தில் பீதோங். மூங்கில் தண்டின் ஒரு துண்டு, கீழே கணுவே அடித்தளம், பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும். அதிகம் கிடைப்பதும் அதிகம் போலி வருவதும் இதுதான்.

மணிக்கட்டுத் தாங்கி, பிகெ. தண்டை நீளவாக்கில் பிளந்தெடுத்த ஒரு பட்டை, கவிழ்த்து வைத்த ஓடு மாதிரி. இது எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. சீன எழுத்தை மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதுவார்கள். வலது கையால் எழுதுகிறவருக்கு, எழுதி முடித்த ஈர வரிசை எப்போதும் கைக்கு அடியிலேயே கிடக்கும். கையும் சட்டைக்கையும் அதைத் தேய்த்துவிடாமல் தூக்கிப் பிடிக்கத்தான் இந்த வளைந்த பட்டை. கோடையில் வியர்வை தாளில் படாமல் இருப்பது கூடுதல் லாபம்.

இதெல்லாம் போக, ஊதுபத்திக் குழல், விசிறிக் காம்பு, சின்னப் பெட்டி, அப்புறம் மூங்கில் வேர்க்கட்டையில் செதுக்கிய உருவங்கள்: பௌத்த அருகதர், தேரை, பழம், படகு. வேர்க்கட்டை வேலை தனி உலகம், பின்னால் வருகிறேன்.

முதல் படி: மூங்கிலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குச் சீனம் தெரிய வேண்டாம், பனைமரம் தெரிந்தால் போதும். பனையை அறுத்த வெட்டுமுகத்தைப் பார்த்திருப்பீர்கள்: வெளி ஓரத்தில் கருகரு என்று வைரம், உள்ளே போகப் போக மெத்தென்று சோறு. மூங்கிலும் அதே ஜாதிதான். வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறதே, புறக்காழ், அகக்காழ் என்று, அந்தப் பிரிவு இந்தச் செதுக்குகளைப் பார்க்கும்போது அப்படியே உதவும். மூங்கிலுக்கு ஆண்டு வளையம் கிடையாது. வெட்டுமுகத்தில் தெரிவது நார்க்கற்றைகளின் புள்ளிகள், வெளித்தோலை ஒட்டிக் கேழ்வரகைக் கொட்டினாற்போல நெருக்கமாக, உள்ளே வர வர விலகி விலகி.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. நார்கள் தண்டின் நீளவாக்கில் மட்டுமே ஓடும். ஆகவே செதுக்கில் ஒரு பாறை இருந்தால், அந்தப் பாறையின் மேல்முகத்தில் புள்ளிகளும் பக்கவாட்டில் மெல்லிய நெட்டுக் கோடுகளும் தெரிய வேண்டும். கிழவரின் தலை உச்சியில் புள்ளி, அங்கியின் பக்கத்தில் கோடு. சரிவான இடங்களில் புள்ளி நீண்டு அரிசிமணி மாதிரி ஆகும். ஆழமாகக் குடைந்த இடத்தில் புள்ளிகள் விலகியிருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கத்தி உள்சதைக்குப் போயிருக்கிறது. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தால் கையில் இருப்பது மூங்கில். ரெசின் வார்ப்பு அசல் பொருளின் மேல் அச்செடுத்ததாக இருந்தால் நார் வரிகளின் மேடுபள்ளம்கூட அதில் வந்துவிடும். ஆனால் நாருக்கும் சதைக்கும் உள்ள நிற வேறுபாடு வராது, எல்லாம் ஒரே சாயமாக இருக்கும். இதோடு அச்சின் இணைப்பு வரி எங்காவது ஓடும், பெரும்பாலும் பக்கவாட்டில், அரத்தால் தேய்த்து மறைத்திருப்பார்கள். மூங்கில் தூளைக் கலந்து வார்ப்பதும் உண்டு. அதில் நார் இருக்கும், ஆனால் திசை இருக்காது. அவலைப் பிசைந்தாற்போல் கிடக்கும்.

சூடான ஊசியைக் குத்திப் பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அசலாக இருந்தால் நீங்கள்தான் அதைக் கெடுத்தவர்.

இன்னொன்று. செதுக்குக்கு விருப்பமான மூங்கில் சீனாவின் மாவ்ஜூ. கணுவில் கிளை விட்டிருந்தால் அதற்கு மேலே உள்ள தண்டில் ஒரு பக்கம் பள்ளமாக ஓடும், வட்டம் கெடும். அதனால் குவளைக்குக் கிளை விடாத அடித்தண்டை எடுப்பார்கள். அங்கே சுவரும் தடிமன். மாவுச்சத்து குறைந்த குளிர்காலத்தில், மூன்று நான்கு வயதான தண்டை வெட்டி, வேகவைத்து, நிழலில் நீண்ட காலம் உலர்த்துவார்கள். இந்தப் பொறுமையைக் குறைத்த பொருளைத்தான் பின்னால் பூச்சி அரிக்கும், அதுதான் பிளக்கும்.

இரண்டாம் படி: கவிழ்த்துப் பார்ப்பது

குவளையைக் கவிழ்த்தால் கணுத் தடுப்பு தெரியும். சற்று உட்குழிந்து, மையத்திலிருந்து ஓரத்துக்கு ஒழுங்கில்லாமல் சுருங்கியிருக்கும். சிலவற்றில் மூன்று குட்டைக் கால்களை அதே தண்டிலிருந்து விட்டுச் செதுக்கியிருப்பார்கள். அந்தக் கால்களின் அடி நூற்றாண்டுக்கணக்கில் மேசையில் நகர்ந்ததால் மழுங்கிப் பளபளக்க வேண்டும், ஆனால் மூன்றும் ஒரே மாதிரி அல்ல; நாம் ஒரு குவளையை இழுக்கும்போது ஒரே பக்கமாகத்தானே இழுக்கிறோம். மூன்று காலும் உப்புத்தாளில் தேய்த்தாற்போல் சமமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சிலவற்றில் அடித்தளமும் விளிம்பும் வேறு மரத்தால் இருக்கும், கருஞ்சிவப்பு நிறத்தில். சீனர்கள் ஸிதான் என்று கொண்டாடும் மரம் அது. அது வேறு எதுவும் இல்லை, நம் செம்மரம்தான்: ஆந்திராவின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய தமிழக மலைகளிலும் பெரும்பாலும் வளர்கிற அதே மரம். கடத்தல் செய்தியில் லாரியோடு பிடிபடுகிறதே, அதன் முன்னோர்கள் சீன அறிஞனின் மேசையில் விளிம்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். விளிம்பு பின்னால் வைத்ததாகவும் இருக்கலாம். மேல்விளிம்பு உடைந்துபோன குவளையை வெட்டிச் சமன்செய்து, செம்மர வளையம் பூட்டி மறைப்பது பழைய பழக்கம். செதுக்கில் உள்ள மரக்கிளையோ தலையோ விளிம்பில் திடீரென்று வெட்டுப்பட்டு நின்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். அது குற்றமில்லை, விலையில் மட்டும் தெரிய வேண்டும்.

அப்புறம் உள்பக்கம். ஏமாற்றுக்காரர்கள் சோம்பேறித்தனம் காட்டும் இடம் அதுதான். போனின் டார்ச்சைப் போட்டு உள்ளே பாருங்கள். பழைய குவளையின் உள்சுவர் வெளியைவிட மங்கலாக, வறண்டு இருக்கும், கை படாத இடமல்லவா. அடியில் மைக்கறை, கெட்டிப்பட்ட தூசு. வெளியே செக்கச்சிவந்து உள்ளே புது முறம் மாதிரி வெளுத்திருந்தாலும் தப்பு. உள்ளேயும் வெளியேயும் ஒரே காபிக் கலராக இருந்தாலும் தப்பு, யாரோ சாயத்தில் முக்கியிருக்கிறார்கள்.

மூன்றாம் படி: நிறமும் தேய்மானமும்

புதிதாகச் செதுக்கிய மூங்கில் சதை வெளிறிய மஞ்சள். காற்றும் வெளிச்சமும் கைப்பிடியும் சேர்ந்து அதைத் தேன் நிறமாக்கி, பின் செம்பழுப்பாக்கும். நம் வீட்டுப் பழைய ஊஞ்சல் பலகையில், தாத்தா உட்கார்ந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்த மெருகு. அது மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்காது. சாயம் நேர்மாறாக நடந்துகொள்ளும்: பள்ளத்தில் தேங்கும், வெட்டுமுகத்தில் அதிகம் உறிஞ்சும், விரிசலுக்குள் ஓடி அதையும் கறுப்பாக்கும். தேயிலை, புகை, காலணி மெழுகு, பெர்மாங்கனேட், எல்லாமே பயன்படுகின்றன. முகர்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். பழைய மூங்கிலுக்கு ஏறக்குறைய வாசனையே இருக்காது.

விரிசல் இருந்தால் பயப்படாதீர்கள். 300 வருடப் பொருளில் ஒரு கோடுகூட இல்லையென்றால் அதைத்தான் நான் இரண்டு தடவை பார்ப்பேன். பழைய விரிசலின் உதடுகள் மழுங்கியிருக்கும். நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டாது.

நான்காம் படி: கத்தி

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மூங்கிலின் சுவர் மெல்லியது. அந்தத் தடிமனுக்குள் ஒரு மலை, ஒரு அருவி, நான்கு கிழவர்கள், ஒரு குதிரை என்று ஐந்தாறு அடுக்கு ஆழத்தைக் காட்டியிருக்கிறார்கள் மிங் வம்சத்து ஜியாடிங் ஊர்க்காரர்கள். ஜியாடிங் இன்று ஷாங்காய் மாநகரின் ஒரு வட்டாரம். அன்று தனி ஊர். அங்கே 16ஆம் நூற்றாண்டில் ஜூ ஹே என்பவரில் தொடங்கி மகன் ஜூ யிங், பேரன் ஜூ ஜிஜெங் என மூன்று தலைமுறை. மூவரின் புனைபெயரிலும் பைன் மரம் உண்டு: சோங்லின், சியாவ்சோங், சான்சோங், அதாவது பைனின் அண்டைவீட்டார், சின்னப் பைன், மூன்று பைன். ஆழமான புடைப்பும் துளைச் செதுக்கும் இந்த மரபின் அடையாளம்.

அந்தக் கை எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோலாக ஒரு பொருள் இருக்கிறது. 1966ல் ஷாங்காயின் பாவ்ஷானில் ஒரு மிங் காலக் கல்லறையைத் தோண்டியபோது ஊதுபத்திக் குழல் ஒன்று கிடைத்தது, ஜூ யிங்கின் பெயரோடு. 16 செ.மீ. சொச்சம் உயரம், விரல் மூன்றைச் சேர்த்துப் பிடித்த பருமன். லியூ, ருவான் என்ற இருவர் மூலிகை தேடித் தியென்தாய் மலைக்குப் போய், தேவகன்னியரோடு அரை வருடம் இருந்துவிட்டுத் திரும்பினால், ஊரில் தங்கள் ஏழாம் தலைமுறைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தக் கதை அதில். இப்போது ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூமிக்குள் இருந்து நேராக வந்ததால் இந்தப் பெயரை யாரும் பின்னால் வெட்டியிருக்க முடியாது; இந்தத் துறையில் அப்படிச் சொல்லக்கூடிய பொருள் மிகச் சிலவே. எதை வாங்கப் போகும் முன்னும் இதன் படத்தைப் பெரிதாக்கி அரை மணி நேரம் பாருங்கள். பைன் ஊசிகள் எங்கே கூடுகின்றன, பாறைக்குக் கத்தி எப்படி அகலமாகப் போகிறது, முகத்துக்கு எப்படிச் சின்னதாகிறது என்று.

ஜின்லிங், அதாவது நான்ஜிங்கில், வேறு மனம். அங்கே பூ ஜோங்சியென் பெயர் பெரியது. மூங்கிலின் கோணல், தழும்பு, முடிச்சை அப்படியே விட்டு, நாலு வெட்டில் பொருளாக்கிவிடுவது அவருக்குச் சொல்லப்படும் பாணி. எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் குறைவாகச் செதுக்கியதைப் போலி செய்வது சுலபம் என்பதால், இந்தப் பெயரில் சந்தையில் வருவதை நான் தொடவே மாட்டேன்.

மூன்றாவது வகை லியூச்சிங், பச்சையை விட்டுவைப்பது. தோலில் படத்தை வரைந்து, படத்துக்கு வெளியே உள்ள தோலை மட்டும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள்ளேயே முழுசாக விட்டது, பாதி சீவியது, மெல்லிசாகச் சீவியது என்று மேகத்துக்கும் மூடுபனிக்கும் சாயல் பிடிப்பார்கள். காலம் போகப் போகத் தோல் யானைத்தந்த மஞ்சளாகவே நிற்கும், அடியில் சதை சிவந்துகொண்டே போகும். ஆகவே படம் வருடா வருடம் இன்னும் துலங்கும். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், மிங் முடிந்து சிங் தொடங்கும் காலத்து ஜாங் ஷிஹுவாங் இதில் உச்சம். இங்கே சோதனை என்னவென்றால், படத்தின் தோலில் நார்ப்புள்ளி தெரியக்கூடாது, வழவழப்பாக இருக்க வேண்டும். தோலைச் சுரண்டி எடுத்த தரையில் தெரிய வேண்டும். மஞ்சள் பெயின்ட் அடித்த போலிகளில் வண்ணம் விளிம்பில் வழிந்திருக்கும்.

சிங் வம்சத்தில் பேரரசர் காங்ஷி காலத்து வூ ஜிஃபான், என்னை ஏமாற்றியவர் பயன்படுத்திய பெயர், ஆழத்தைக் குறைத்து, பெரும் பரப்பை வெறுமையாகச் சீவிவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் உருவங்களை மெல்லிய புடைப்பில் நிறுத்தினார். அந்த வெறும் பரப்பைத் தொட்டுப் பாருங்கள். கையால் சீவிய தரை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் விரலுக்கு மெல்லிய அலையாகத் தெரியும். சமதளமாக, ஒரே ஆழத்தில், விளிம்பில் தீய்ந்த பழுப்போடு இருந்தால் லேசர். அடுத்தடுத்து ஒரே அகலத்தில் சின்னச் சின்ன வாய்க்கால் ஓடியிருந்தால் கணினி ஓட்டிய சுழல்கத்தி. கைக்கத்தி இழுத்த கோடு மெலிசாக ஆரம்பித்து, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும், கோலத்தில் விரல் இழுக்கிற இழுப்பு மாதிரி. 1685ல் பிறந்து 1773 வரை வாழ்ந்த ஜோவ் ஹாவின் மலைக்காட்சிகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். அவர் ஓவியரும்கூட என்பதால் தூரிகையை வைத்து விட்டுக் கத்தியை எடுத்தாற்போல் இருக்கும், புடைப்பே இல்லாமல் வெறும் குழிவெட்டில்.

வேர்க்கட்டை உருவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தண்டின் அடிக்கட்டையில் சின்ன வேர்கள் முளைத்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தழும்பு இருக்கும், அம்மைத் தழும்பு மாதிரி. நல்ல கை இதைத் தேரையின் முதுகாகவோ பாறையாகவோ மாற்றிக்கொள்ளும். ஜியாடிங்கின் ஃபெங் சகோதரர்கள் இதில் பேர்போனவர்கள், இருவர் 1703ல் பேரரசர் காங்ஷியின் அரண்மனை வேலைக்குப் போனார்கள். தழும்பு எங்குமே தெரியாத "வேர்" உருவத்தை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மூங்கிலின் உள்மஞ்சளை உரித்து, வேகவைத்து, தட்டையாக்கி மரத்தின் மேல் ஒட்டும் ஜூஹுவாங் வேலையும் பேரரசர் சியென்லோங் காலத்தில் ஓங்கியது. அழகுதான், ஆனால் ஒட்டு பிரியும். நம் ஊர் ஈரத்துக்கு ஒத்துவராது.

ஐந்தாம் படி: படம் என்ன சொல்கிறது

திரும்பத் திரும்ப வரும் காட்சிகள் கொஞ்சம்தான், தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆற்றங்கரையில் பலர், தண்ணீரில் மிதக்கும் கிண்ணங்கள்: 353ல் லான்டிங் மண்டபத்தில் எழுத்தோவியர் வாங் ஷிஜி கூட்டிய கவிதைக் கூட்டம். செங்குத்துப் பாறைக்குக் கீழே ஒரு படகு: 1082ல் கவிஞர் சூ ஷி செம்பாறைக்குப் போனது. மூங்கில் தோப்பில் ஏழு பேர்: 3ஆம் நூற்றாண்டின் ஏழு அறிஞர்கள். காசு கோத்த கயிறும் மூன்றுகால் தேரையும்: லியூ ஹாய் என்ற தாவோயிச சித்தர், செல்வத்துக்கு.

கதையைத் தெரிந்துகொள்வதில் நடைமுறை லாபம் உண்டு. ஏழு பேர் இருக்க வேண்டிய தோப்பில் எண்ணிப் பார்த்தால் ஐந்து, மீதி இரண்டு பேர் எங்கே? குவளையைச் சுற்றிக்கொண்டே போங்கள். உண்மையிலேயே இல்லையென்றால், செய்தவருக்குக் கதை தெரியாது, ஏதோ புகைப்படத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறார். குவளையின் பின்பக்கம் மட்டும் கை தளர்ந்து போவதும் இதனால்தான்.

ஆறாம் படி: பெயர், கடைசியாக

1807ல் ஜின் யுவான்யூ என்பவர் ஜியாடிங் செதுக்காளர்களின் வரலாற்றை ஒரு நூலாகத் தொகுத்தார். நமக்கு இத்தனை பெயர் தெரிவது அந்த நூலின் புண்ணியம். போலி செய்கிறவர்களும் அதே நூலைத்தான் படிக்கிறார்கள். பெயரில்லாத நல்ல பழைய குவளையில் பிற்காலத்தில் பெயரை வெட்டி விலையேற்றுவது சர்வசாதாரணம், அப்போது மூங்கில் அசல், செதுக்கு அசல், பெயர் மட்டும் பொய். இந்தக் கலப்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள். சுற்றியிருக்கும் படத்தின் பள்ளத்தில் உள்ள அதே அழுக்கு, அதே நிறம் எழுத்திலும் இருக்கிறதா? கோடுகளின் விளிம்பு படத்தில் மழுங்கி, எழுத்தில் மட்டும் கூராக நிற்கிறதா? அப்புறம், படத்தில் எவ்வளவு தேர்ந்த கையோ அதே கை எழுத்திலும் தெரிய வேண்டும்.

தேதி இருந்தால் இன்னொரு சிக்கல். அவர்களுக்கும் நம்மைப்போல அறுபது வருடச் சுற்று. நமக்குப் பிரபவ 1987ல் வந்தது, அவர்களின் முதல் வருடம் ஜியாஸி 1984ல். பேரரசரின் பெயர் இல்லாமல் வெறும் ஜியாஸி என்று இருந்தால் அது 1684 ஆகலாம், 1744 ஆகலாம், 1924 கூட ஆகலாம். விற்பவர் எப்போதும் 1684 என்றுதான் சொல்வார்.

வாங்கப் போகும்போது

முதலில் கண்ணைப் பழக்குங்கள். பெய்ஜிங், தைப்பே அரண்மனை அருங்காட்சியகங்கள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் எல்லாமே இணையத்தில் படம் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு யோகம், ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நேரிலேயே பார்க்கலாம்.

இணையத்தில் வாங்கினால் விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: அடிப்பக்கம் நேராக, உள்பக்கம் டார்ச் அடித்து, விளிம்பு கிட்டத்தில், ஒவ்வொரு விரிசலும், பக்கவாட்டு வெளிச்சத்தில் தரை. தர மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏலக் குறிப்பில் "இன்னார் கையெழுத்துடன்" என்பதும் "இன்னார் செய்தது" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் அவர்கள் பெயருக்குப் பொறுப்பேற்கவில்லை. பொருள் சொன்னபடி இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

சட்டம் கொஞ்சம். 1911க்கு முந்தைய கலைப்பொருட்களைச் சீனப் பெருநிலத்திலிருந்து வெளியே கொண்டுவர அனுமதியில்லை; அங்கே ஒரு சந்தைக் கடையில் "சிங் காலம், பையில் போட்டுக்கொண்டு போங்கள்" என்று தந்தால், ஒன்று அது போலி, இல்லையென்றால் உங்களுக்கு விமான நிலையத்தில் தொல்லை. பழைய சேகரிப்புகளிலிருந்து ஹாங்காங், ஐரோப்பா ஏலங்களில் வருவதை ரசீதோடு வாங்குவதுதான் வழி. தந்தம் பதித்ததைத் தொடாதீர்கள். செம்மர விளிம்பு இருந்தால் அந்த மரத்துக்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உண்டு, அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இந்தியாவுக்குள் கொண்டுவந்த பின் மறுபடி வெளியே அனுப்ப நினைத்தால், 100 வருடம் தாண்டிய பொருள் என்பதால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: பெயரில்லாத, 19ஆம் நூற்றாண்டின் எளிய மணிக்கட்டுத் தாங்கி ஒன்று. இரண்டு பக்கமும், நான்கு ஓரமும் மறைவில்லாமல் தெரியும், நாரைப் படிக்கப் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது. பிறகு குவளைக்குப் போகலாம்.

வீட்டில் வைத்திருப்பது

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மெழுகு, பாலிஷ் எதுவும் வேண்டாம். சுத்தமான உலர்ந்த கையும், பள்ளத்துத் தூசுக்கு மென்மையான ஓவியத் தூரிகையும் போதும். நேர்வெயில் கூடாது. கீழே வெள்ளைத்தாள் விரித்து வையுங்கள். ஒருநாள் காலை அதில் மாவு மாதிரி மஞ்சள் தூள் விழுந்திருந்தால், ஊசித்துளைகளைத் தேடுங்கள், மூங்கிலைத் தின்னும் சின்ன வண்டு வந்துவிட்டது. உடனே காற்றுப்புகாத பையில் போட்டு மற்ற பொருட்களிலிருந்து பிரித்துவிட வேண்டும். அருங்காட்சியகங்களில் இதை உறைநிலையில் வைத்துக் கொல்வார்கள், மரவிளிம்போ ஒட்டுவேலையோ இருக்கும் பொருளுக்கு அதை வீட்டு ஃப்ரீசரில் முயலாதீர்கள். பூச்சிமருந்து தெளிப்பதும் வேண்டாம், பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பெரிய எதிரி ஏ.சி. சென்னைக் காற்றின் ஈரத்தில் மாதக்கணக்கில் ஊறிய மூங்கில், படுக்கையறை ஏ.சி. ஓடும் எட்டு மணி நேரத்தில் சட்டென்று காயும். வெளித்தோல் பக்கம் நார் நெருக்கம், உள்பக்கம் சதை அதிகம். இரண்டும் ஒரே அளவு சுருங்காது, அதனால் பிளக்கும். ஒரு ஏப்ரல் இரவு இரண்டு மணிக்கு அலமாரியில் "டக்" என்று விரல் சொடுக்கினாற்போல் சத்தம், பல்லி விழுந்தது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் என் ஒரே நல்ல குவளையில் விளிம்பிலிருந்து பாதி உயரத்துக்கு ஒரு கோடு, செதுக்கிய பைன் மரத்தை நேராகப் பிளந்துகொண்டு. அலமாரிக்கு நேர் எதிரே ஏ.சி. வாய். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது, அன்றைக்குத்தான் வாங்கினேன். இப்போது அந்தக் குவளை கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், வெளிச்சுவரையும் ஏ.சி.யையும் தொடாத மூலையில் இருக்கிறது. முள் 50க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நல்லது, ஆனால் எண்ணைவிட முக்கியம் அது ராத்திரி பகல் தாவாமல் இருப்பது.

விரிசலில் பசை ஊற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். ஐப்பசி மழையில் அந்தக் கோடு தானாக மூடி, தேடினால்தான் தெரிகிறது. சித்திரையில் நகக்கண் நுழையும் அளவுக்குத் திறக்கிறது. பசை போட்டிருந்தால் மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், பக்கத்தில் இருக்கும் கிழவரின் முகத்தில்தான் அடுத்த கோடு விழுந்திருக்கும்.